தோண்டியெடுத்த தோட்டாவில் குறடு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது களிம்பேறிய பழைய தோட்டாக்கள் தலைகாட்டுவதுண்டு. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்கள் கையில் .303 துப்பாக்கிகள் இருந்தன. அதற்கு முன் ஜப்பானியர் காலம். மண்ணுக்குள் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ! கவலையெல்லாம், கிடைத்த தோட்டாவைக் காணொளி பார்த்துப் பிரிக்கத் துணியும் இளைஞர்களைப் பற்றியதுதான்.

அந்தக் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. வெடிமருந்து இரட்டிப்பாக விழுந்துவிட்டதோ, விழவே இல்லையோ என்று சந்தேகம் வந்தால் தோட்டாவின் பித்தளை உறையிலிருந்து குண்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். 9 மில்லிமீட்டர் தோட்டாவில் மருந்து கால் கிராமிலிருந்து 0.4 கிராம் வரைதான். இரட்டிப்பானால் துப்பாக்கி சிதறலாம். மருந்தே இல்லாவிட்டால், உறையின் அடியில் தீப்பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரின் உந்தலில் குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் வெடிக்கலாம்.

கழற்றுவதற்கு உள்ளீடற்ற பிளாஸ்டிக் தலையுள்ள ஒரு சுத்தியல் உண்டு. மூன்று துண்டுப் பிடி தோட்டாவின் அடிவிளிம்பைக் கவ்வ, குண்டு சுத்தியலின் முகத்தைப் பார்த்திருக்கும். கெட்டியான மரக்கட்டையில் அடித்தால் சுத்தியல் சட்டென நிற்கும். குண்டு தன் எடையால் முன்னே நழுவி உறையைவிட்டு வெளியே வந்துவிடும். 15 கிராம் எடையுள்ள .45 குண்டு சீக்கிரம் வரும். ஏழரை கிராம் 9 மில்லிமீட்டர் குண்டுக்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். ரப்பர் விரிப்பின் மேல் அடித்தால் வேகமெல்லாம் அதிலேயே போய்விடும், குண்டு அசையாது. .22 தோட்டாவை மட்டும் இதில் வைக்கவே கூடாது. அதன் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. பிடி கவ்வுவதும் அதே விளிம்பைத்தான்.

சுத்தியல் இல்லாதவர்கள், தோட்டா நிரப்பப் பயன்படும் நெம்புகோல் அழுத்தியில் உறையை வடிவமைக்கும் அச்சைக் கழற்றிவிட்டுத் தோட்டாவை மேலே ஏற்றுவார்கள். அச்சிருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் குண்டைக் குறட்டால் பிடித்துக்கொண்டு நெம்புகோலால் உறையைக் கீழே இறக்குவார்கள். கைத்துப்பாக்கிக் குண்டு குட்டையானது. வெளியே தெரிவது பெரும்பாலும் உருண்ட மூக்குதான், பற்றிக்கொள்ள நேர்பக்கம் கிடையாது. ஈயக் குண்டானால் குறடு வழுக்கும், அல்லது வெட்டிவிடும். உறை குண்டை இறுகப் பற்றியிருந்தால் முதலில் குண்டை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, ஒட்டிய பிடியை விடுவித்துவிட்டுத்தான் இழுப்பார்கள்.

அவர்களுக்கு இது சரிவருவதற்குக் காரணம், உறை புதிது. எந்த மருந்து, எந்தப் பிரைமர் என்று நிரப்பியவருக்கே தெரியும். மண்ணில் கிடந்த தோட்டாவில் இது எதுவுமே கிடையாது. பல பத்தாண்டு ஈரத்தில் பித்தளை அரித்து, குண்டும் உறையும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும். இழுக்கக் கூடுதல் பலம் வேண்டும்; மெலிந்த உறையோ அந்தப் பலத்தைத் தாங்காமல் பிளந்துவிடும். பிரைமர் செத்துப்போயிருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. பழைய .303 தோட்டாக்களில் கார்டைட் என்ற குச்சி மருந்தை வைத்த பிறகுதான் உறையின் கழுத்தையே ஒடுக்கினார்கள். சில குண்டுகளுக்குள் ஒளிவிட்டுச் செல்லும் மருந்தோ தீமூட்டும் மருந்தோ இருக்கும். நுனியின் வண்ண அடையாளம் எப்போதோ உதிர்ந்திருக்கும். கட்டைவிரலைவிடத் தடித்ததாக இருந்தால் அது தோட்டாவாக இல்லாமல் வெடிக்கும் சிறு பீரங்கிக் குண்டாகவே இருக்கலாம்.

துப்பாக்கிக் குழலுக்கு வெளியே தோட்டா வெடித்தால் கனமான குண்டு அதிக தூரம் போகாது என்பது உண்மைதான். லேசான உறைதான் கிழிந்து பறக்கும். வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் குண்டை இறுக்கிவைத்து உறையைப் பிடித்து ஆட்டுபவரின் விரலும் கண்ணும் அந்தப் பித்தளைச் சில்லுக்கு நேர் எதிரே இருக்கின்றன. பித்தளைக்கு நல்ல விலை என்று பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவதும் இதே ஆபத்தைக் கடைக்காரர் தலையில் கட்டுவதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கண்டெடுத்ததைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக் காவல் நிலையத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே விட்டு, சற்றுத் தள்ளி ஒரு கம்பு நட்டுத் துணி கட்டுங்கள். தள்ளி நின்றே படமெடுத்து, தோட்டத்தின் பிளாக் (பகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு 999க்கு அழையுங்கள். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தாலும் பெட்டியை அசைக்காமல் இதையே செய்யுங்கள். காட்டுப்பன்றி சுட உரிமம் பெற்றவர்களிடம் ஈரத்தில் ஊதிப்போன தோட்டாக்கள் இருந்தால், உள்ளே இருக்கும் ஈய ரவைக்காக அவற்றை அறுக்காமல் காவல் நிலையத்தில் கேட்டு ஒப்படைக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மண்வாரி இறங்கும் நாளன்று காலைப் பெரட்டிலேயே (ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்திலேயே) இதைச் சொல்லிவிடுங்கள். இன்று அந்த வேலையில் இருப்பவர்களில் பலர் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் என்பதால், தமிழிலும் மலாயிலும் சொல்வதோடு நிறுத்தாமல் படத்துடன் ஒரு தாளை வங்காளத்திலும் நேப்பாளியிலும் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.