வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ஏர் பிஸ்டலுக்கு உரிமம் கேட்டோம் என்ற பேச்சைப் பற்றி

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், பிஸ்டலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கைபேசியை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் துப்பாக்கி சுடுதல் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் குழுக்களில் சுற்றிவரும் அந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு (பத்து மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு) லைசென்ஸ் வேண்டும் என்று பயமுறுத்தி, அதை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, அதற்கான செலவு என்ற பெயரில் பணம் பறிக்கிறார்கள் என்பதே அதன் சாரம். கடையின் பெயரை எழுதவில்லை. வாசலில் மரத்தில் செய்த இரட்டைக்குழல் தொங்கும் கடை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். என் தந்தையார் கையால் இழைத்து மாட்டிய அந்த மரத் துப்பாக்கியை அறியாதவர் இந்த ஊரில் இத்தொழில் வட்டத்தில் ஒருவரும் இல்லை என்பதால், பெயரை எழுதியிருந்தாலும் இதைவிடத் தெளிவாக இருந்திருக்காது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் இன்று நடைமுறையில் இருக்கும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் (.177 அங்குலம் என்று நாம் சொல்வது) குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டியில் பயன்படும் ஏர் பிஸ்டலின் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) ஏறத்தாழ அரை கிராம் எடை. அது நொடிக்கு 150 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறும். ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆறு ஜூல்கூடத் தேறாது, அதாவது சட்டம் வைத்திருக்கும் வரம்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை போட்டுவிடும் இந்தக் கணக்கு, இரண்டு தலைமுறையாக இதே தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது என்றோ, தெரிந்தும் மறைத்தோம் என்றோ ஒருவர் எழுத, அதை நூறு பேர் சரிபார்க்காமல் அனுப்பிவைத்ததுதான் எனக்கு மனவருத்தம்.

அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகளோடு வந்தார். அந்தப் பெண்ணின் உள்ளங்கை சிறியது. நடுத்தர அளவுக் கைப்பிடியைப் பிடித்தபோது கட்டைவிரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. சிறிய அளவுக் கைப்பிடியை மாற்றிப் பூட்டி, உள்ளங்கையைத் தாங்கும் அடிப்பலகையை மேலேற்றி, விரல்கள் படியும் மேட்டை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் திறந்தால் முன்குறியும் பின்குறியும் தாமாக ஒரே கோட்டில் நிற்கும்வரை எங்கள் பட்டறைத் தம்பி அவளோடு உட்கார்ந்திருந்தார். பிறகு குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிக் காட்டினோம். விசை நழுவாமல் கல் மேலே எழுந்தால்தான் போட்டி நாளில் உபகரணச் சோதனை மேசையில் பிஸ்டல் தேறும். இதெல்லாம் முடிய மணி ஆறரை. அன்று கொடுத்த காப்பிக்குப் பில் போடவில்லை என்று எழுதுவது சிறுமை என்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுத வைத்துவிட்டார்கள்.

புறப்படும் நேரத்தில் அவர், அடுத்து இருபத்தைந்து மீட்டர் போட்டிக்கு என்ன வாங்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு .22 பிஸ்டல் (.22 அங்குலக் குழலில் வெடிமருந்துத் தோட்டாவைச் சுடுவது) வேண்டும், அதற்கு உரிமம் வேண்டும், அதற்கு இன்னின்ன தாள்கள் வேண்டும் என்று விளக்கினோம். அதே மேசையில் ஏர் பிஸ்டல் விற்பனைப் பதிவேட்டுக்காக அவருடைய அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் நகலெடுத்தோம். காவல்துறையினர் கடைக்குச் சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். இரண்டு பேச்சும் அவர் மனத்தில் ஒன்றாகிவிட்டன என்பதே என் துணிபு. ‘ஆவணப் பணி’ என்ற பெயரில் 1,500 ரூபாய் சில ஏர் பிஸ்டல் பில்களிலும் ஏறியிருப்பது மென்பொருளை மாற்றியபோது நேர்ந்தது. பில்லைக் கொண்டுவந்தால் திருப்பித் தரப்படும்.

இந்தக் குழப்பம் இனி ஒருவருக்கும் வரக்கூடாது என்பதால், .22 பிஸ்டலின் வழியை இங்கேயே எழுத்தில் வைத்துவிடுகிறேன். முதல் பிஸ்டலாக .22-ஐக் கேட்டு வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவது உண்டு. விற்கத் தெரியாத கடை என்று அதற்கும் பேச்சு கேட்டிருக்கிறோம். ஓராண்டாவது ஏர் பிஸ்டலில் நின்று, ஒரு மணி பதினைந்து நிமிடத்தில் அறுபது குண்டுகளைச் சுடும் நிதானம் கைக்கு வந்து, துப்பாக்கி சுடும் சங்கப் போட்டிகளில் புள்ளிகள் பதிவான பிறகு விண்ணப்பிக்கிறவருக்கு, எதற்காகத் துப்பாக்கி என்று அதிகாரி கேட்கும் கேள்விக்குக் கையில் பதில் இருக்கும். வெறுங்கையோடு போகிறவர் தம் ஆர்வத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு அந்த அலுவலகங்கள் சலித்துப்போயிருக்கின்றன.

விண்ணப்பம் ஏ-1 என்ற படிவத்தில், மத்திய உள்துறையின் ஆயுத உரிம இணையதளம் வழியாகச் செல்கிறது. காவல் ஆணையர் உள்ள மாநகர எல்லைக்குள் குடியிருப்போருக்கு அந்த ஆணையரும், மற்றவர்களுக்கு மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். வீட்டு எண் ஒரு பக்கமும் பிள்ளையின் பள்ளி மறுபக்கமும் இருக்கும் புறநகர்க் குடும்பங்கள், தவறான அலுவலகத்தில் மனுச் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆகவே உங்கள் காவல் நிலையம் யாருடைய எல்லையில் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வயது, முகவரி, அடையாளச் சான்றுகளோடு உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்று, ஆயுதத்தைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். சங்க உறுப்பினர் அட்டையையும் போட்டிச் சான்றிதழ்களையும் இணைப்பது நல்லது. அதன்பின் காவல் நிலைய அறிக்கை கேட்கப்படும். வீட்டுக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் பார்த்த எதையோ நினைத்துக்கொண்டு பதறிப் பதில் சொல்வதைவிட, உங்கள் பிள்ளை பதக்கத்துக்காகச் சுடுகிறாள் என்பதை அவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லி வைத்துவிடலாம்.

பொதுவான வழியில் உரிமம் பெற 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த வயதினர் பயிற்சிக்காகப் பயன்படுத்த விதிகளில் தனி வழி இருக்கிறது. அந்த வழியில் சங்கத்தின் துணையோடுதான் செல்ல முடியும், கடை வழியாக இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாகக் கூடியிருக்கிறது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கையில் தனிச் சலுகை உண்டு என்றாலும், அந்த நிலையை எட்டும்வரை, தாத்தா காலத்திலிருந்து உங்கள் பெயருக்கு மாறிவந்து தோட்டத்து வீட்டுச் சுவரில் தொங்கும் இரட்டைக்குழலும் அந்த இரண்டில் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் படிகளில் எதையும் எங்களால் விரைவுபடுத்த முடியாது. விரைவுபடுத்துவோம் என்று ஒரு நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. உரிமம் வாங்கித் தருகிறோம் என்று எந்தக் கடை சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்று என் தந்தையார் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். எங்கள் கடையில் அப்படிச் சொன்னார்கள் என்று எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றபோது, அவர் கையில் இருந்தது கோடி ரூபாய்த் துப்பாக்கி என்று ஒரு வதந்தி ஓடியது. ஒன்றரை லட்சத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல் வரைதான் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்ல வேண்டியிருந்தது. மொரினி, ஸ்டெயர், வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், பார்டினி என்று போட்டித் தரத்தில் நீங்கள் கேட்கும் பெயர்கள் அனைத்தும் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலியிலிருந்து வருபவை. 2025-இன் தொடக்கத்தில் 90 ரூபாய்க்கு அருகே இருந்த யூரோ, அந்த ஆண்டின் பிற்பாதியில் 100 ரூபாயைத் தாண்டியது; சரக்குக் கட்டணமும் காப்பீடும் அதோடு சேர்ந்தே ஏறின. ஆகவே, முன்பதிவு செய்திருப்பவர்கள் உட்பட அனைவருக்கும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விலைப்பட்டியல் பொருந்தும் என்பதையும், பெல்லட் டப்பாக்களைப் பழைய விலைக்கே கையிருப்பு உள்ளவரை தருவோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரே தொகுதி எண்ணுள்ள பெல்லட்டுகளை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தில் மாற்றம் இல்லை.

விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள் பழைய பிஸ்டலைத் தேடுவது நியாயமே. அதை வேண்டாம் என்று நாங்கள் சொன்னதில்லை. ஆனால் காற்றுச் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டுதான் அதற்கு ஆயுள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பொருள் அது. காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்கு வந்தால் பொறுப்பு சுடுபவருடையதே தவிர விற்றவருடையது இல்லை. சென்ற மாதம் ஒருவர் இணைய வழியில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பிஸ்டலைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்; சிலிண்டரில் 2012 என்று இருந்தது. காற்றை அடைக்கும் வளையம் விறைத்துப்போய், நிரப்பிய காற்று ஒரே இரவில் இறங்கிவிட்டது. புதுச் சிலிண்டரும் வளையங்களும் சேர்ந்தபின் அந்த மலிவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டலே பழுதாகி நிமிடங்களைத் தின்றது என்பதை நினைவில் வைத்தால், பராமரிப்புக்கு நாங்கள் வாங்கும் தொகை அவ்வளவு கனமாகத் தெரியாது என்று நம்புகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் தாள்களையெல்லாம் பார்த்துக்கொண்ட கணக்கர் ஐயா, கண் சிகிச்சைக்குப் பிறகு பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு எந்த நகல் வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் இருந்திருந்தால் அந்த சனிக்கிழமைப் பேச்சே இப்படித் திரும்பியிருக்காது. இப்போது இருப்பவர் இளைஞர், பொறுமைசாலி, கற்றுக்கொண்டிருக்கிறார். அவரிடம் குரலை உயர்த்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் செய்திக்குக் கீழேயே, இந்தக் கடையில் பதினான்கு ஆண்டுகளாக வாங்குகிறேன், ஒரு ரூபாய் கூடக் கேட்டதில்லை என்று எழுதிய பொள்ளாச்சி அம்மையாருக்கும், எழுதத் தெரியாது என்று நேரில் வந்து என் தோளில் கைவைத்துவிட்டுப் போன பெரியவருக்கும், ரேஞ்சில் தம் மாணவர்களைக் கூட்டி விதிகளை விளக்கிய பயிற்சியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தந்தையார் காலத்தில் பயிர்க்காவல் துப்பாக்கிகளைப் பழுது பார்த்த பட்டறை, இன்று உங்கள் பிள்ளைகளின் கைப்பிடிகளை இழைக்கிறது என்றால் அது உங்களால்தான்.

இனி .22 உரிம விண்ணப்பம் பற்றிய ஐயங்களைச் செவ்வாய், வியாழன் காலை பத்து முதல் ஒரு மணி வரை கட்டணமின்றிக் கேட்கலாம். அந்த நேரத்தில் ஏர் பிஸ்டல் விற்பனை நடக்காது, இரண்டுக்கும் தனித்தனி மேசை போட்டிருக்கிறோம். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போது, காவல் நிலையத்துக்குப் பதிலாக எங்களிடம் வைக்க விரும்புவோர் பெட்டியோடும் உரிமப் புத்தகத்தோடும் வரவும். ரசீது இல்லாமல் எதையும் வாங்கமாட்டோம். 1,500 ரூபாய் திரும்பப் பெற வேண்டியவர்கள் மாத இறுதிக்குள் அசல் பில்லோடு வந்தால் போதும். சனிக்கிழமை வந்த அந்த ஐயாவும் வரலாம். அவர் மகளின் பிஸ்டலுக்கு ஆறு மாத இலவசச் சரிபார்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
கோயம்புத்தூர்