முரளிக்கு, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்

டேய் முரளி,

உன் முதல் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு ஒரு சாக்கும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை. இங்கே எல்லாரும் நலம். ராகவன் இன்னும் வண்டி இழுக்கும் அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டுதான் திரிகிறான். நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. "மூணு அங்குல லிஃப்ட் கிட்டுக்கு அட்வான்ஸ் கட்டப்போறேன்" என்ற கடைசி வரியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். காட்டுப்பாதையில் ஓட்ட வீட்டு வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் சாமான்தானே அது? கட்டாதே. இதைப் படித்து முடிக்கும்வரையாவது கட்டாதே.

நீ போட்டனுப்பிய அட்டவணை பிரமாதம். மேடேறும்போது மூக்கு இடிக்கும் கோணம், இறங்கும்போது வால் இடிக்கும் கோணம், நடுவயிறு தட்டும் கோணம், மூன்றையும் அரை டிகிரி பிசகாமல் எழுதியிருக்கிறாய். விட்டுப்போனது ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை எட்டு மணி. வசந்தி வேலைக்குப் போவதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் இந்த ஒரே வண்டியில். ஞாயிறு சாயங்காலம் அது ஓடைக்குள் படுத்துவிட்டால் என்ன செய்வாய்? முதலில் அதற்குப் பதில் சொல். மற்றதெல்லாம் அப்புறம்.

பெரிதாக ஒன்றும் உடைய வேண்டியதில்லை. முன்சக்கர ஷாஃப்டின் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறதே, சிவி ஜாயிண்ட் பூட், அதில் ஒரு குச்சி குத்தினால் போதும். அன்றைக்கு எதுவும் தெரியாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் கிரீஸ் தெறித்து, ரிம்மின் உள்பக்கத்தில் கறுப்பாகக் கோடு இழுத்திருக்கும். கிரீஸ் வெளியே போன ஓட்டை வழியாக மணல் உள்ளே வரும். கொஞ்ச நாள் கழித்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். கிழிந்த வாரமே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றி முடித்துவிடலாம். சத்தம் வந்துவிட்டால் ஜாயிண்ட் போனது போனதுதான்.

இப்போது உன் லிஃப்டைப் பார். உன் வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். வண்டியை மூன்று அங்குலம் தூக்கினால் அந்த ஷாஃப்ட் எந்நேரமும் சரிந்தபடியே சுற்றும், பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். குச்சிக்கு வேலையே இல்லை, தார் ரோட்டிலேயே கிழியும். இரண்டு அங்குலம்வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால், இன்ஜின் வலுவை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துவிடும் டிஃபரன்ஷியலை இறக்கிக் கட்டும் பிராக்கெட், வேறு மேல் ஆர்ம், நீளமான பிரேக் ஹோஸ் என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வரும். அலைன்மென்டில் கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, குறைந்தால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். தானே பிரேக் போடும் கேமரா இருக்கிறது என்று பீற்றிக்கொண்டாயே, உயரம் மாறினால் அதையும் மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டிவரும்.

இவ்வளவும் செய்து என்ன லாபம்? பின்னால் இருப்பது ஒரே குழாயாக ஓடும் ஆக்ஸில். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் நடுவில் தொங்கும் அந்த டிஃபரன்ஷியல் குடம் தரையைவிட்டு நூலளவும் எழும்பாது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதிலும் பாதிக்குப் பாதிதான்: 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 போட்டால் கிடைப்பது ஒரு அங்குலம். பதிலுக்கு மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-ல் ஓடும். கியரும் இளைத்துப்போகும். முதல் கியர் விகிதம் 4, மெதுவாகவும் வலுவாகவும் ஓட்டும் கூடுதல் கியரான லோ ரேஞ்ச் 2.5, ஆக்ஸில் 4 என்று வைத்தால் பெருக்கிவருவது 40, அதாவது இன்ஜின் 40 சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பெரிய டயரோடு அது 37 மாதிரி நடந்துகொள்ளும். ஜீப் கம்பெனியின் ராங்ளர் ரூபிகானில் லோ ரேஞ்ச் மட்டுமே 4, அதே கணக்கில் 64. அந்த வண்டி பாறையில் ஆமைபோல ஏறும் இடத்தில் நீ கிளட்சைத் தேய்த்துக்கொண்டிருப்பாய்.

திட்டியது போதும். இருக்கிற வண்டியோடு காட்டுப்பாதைக்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. போ. கம்பெனி அளவிலேயே ரோட்டுக்கும் காட்டுக்கும் ஏற்ற நல்ல ஏ.டி. டயர், அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு, சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, இவ்வளவு போதும். லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று கம்பெனி வைக்கும் வளையம் இழுவைக் கொக்கி ஆகாது. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுவை வாரை மாட்டி இழுப்பதை நினைத்தும் பார்க்காதே. அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான், ஆள் செத்திருக்கிறார்கள். வாரை மாட்ட 4.75 டன் ஷேக்கிள், அதாவது பின் போட்டு மூடும் இரும்பு வளையம், இரண்டு வாங்கு. பின்னை முழுக்க முறுக்கியபிறகு கால் சுற்று தளர்த்திவிடு, இல்லாவிட்டால் இழுத்தபின் கழற்ற முடியாது.

எல்லாவற்றையும்விட மலிவான மாடிஃபிகேஷன் காற்று. 33 பி.எஸ்.ஐ-யில் இருக்கும் டயரைக் கல்லுக்கும் சேற்றுக்கும் 20-க்கு இறக்கு, மணலுக்கு 15. சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும். இறக்கியபிறகு வேகம் போகாதே, தார் ரோடு வந்ததும் நிரப்பு. கம்ப்ரஸர் வாங்கும்போது பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையாகப் பார். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுவது பெரிய டயரை நிரப்புவதற்குள் ஃபியூஸை எரிக்கும்.

தண்ணீரும் இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அது காற்று வாங்கும் மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால்போல வெளுத்துவிடும். குழாயை நீட்டி இன்ஜின் அறைக்குள் மேலே கட்டிவிடு, ஒரு மணி நேர வேலை. இன்ஜினுக்குக் காற்றுப் போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள். அதற்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளையும், அந்தச் செலவில் பழைய ஜீப்பே வாங்கிவிடலாம்.

சரி, பழைய ஜீப். உனக்கு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் (லாக்கர்), பெரிய டயர், நசுங்கினால் கவலையில்லாத பாடி மூன்றும் வேண்டும் என்ற நாள் வந்துவிட்டால் தனி வண்டிதான் சரி. அன்றாட வண்டியில் பாதி போட்டு நிறுத்துவதுதான் நஷ்டத்திலேயே பெரிய நஷ்டம்: விற்கும்போது கிட்டுக்குப் போட்ட காசு திரும்பாது, ரோட்டிலும் சுகம் இல்லை, காட்டிலும் கால்வாசி தூரம்தான்.

பார்க்கப் போகும்போது கையில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் இருக்கட்டும். பெயின்டைப் பார்க்காதே, கீழே படு. பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில் உள்ளே சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கும். தட்டினால் 'டங்' என்று வர வேண்டும், 'தொப்' என்றால் எழுந்து வந்துவிடு. ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸ் கீறியிருக்கிறதா, யாராவது வெல்டு வைத்திருக்கிறார்களா பார். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டு: ஆடினால் பேரிங்கோ, சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின்னோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. இடம் வலமாக ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். டிஃபரன்ஷியல் வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மை போல ஒட்டியிருந்தால் சாதாரணம், துணுக்கு இருந்தால் பல் போயிருக்கிறது. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க மறக்காதே. விற்பவன் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டில் ஏதோ மறைக்கிறான். லோ ரேஞ்ச் போட்டு ஓட்டாமல் பேரம் பேசாதே.

வாங்கும் விலையில் பாதியாவது தனியாக எடுத்துவை. பிரேக், ஸ்டீயரிங், ரேடியேட்டரும் ஹோஸும், எல்லா ஆயிலும், டயர், இந்த வரிசையில் அது கரையும். லாக்கர் அதற்கப்புறம்தான், அதுவும் பின்னால் முதலில். முன்னால் லாக் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பவே தோள் வலிக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. காட்டுப்பாதைவரை அந்த வண்டி எப்படிப் போய்ச்சேரும்? 1,700 கிலோ ஜீப்பும் 700 கிலோ டிரெய்லரும் சேர்ந்தால் 2,400. உன் வண்டியின் இழுவை வரம்பு அதற்குக் குறைவு. ஆக அது தன் காலிலேயே போய், அடிபட்டு, தன் காலிலேயே திரும்ப வேண்டும். அதனால் அதன் டயரும் விளக்கும் பிரேக்கும் ரோட்டுக்கும் பொருந்த வேண்டும், ராட்சச டயர்க் கனவை அங்கேயே மடித்துவை. இரண்டாவது இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம், சும்மா நின்றால் இறங்கும் பேட்டரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். இந்தக் கணக்கையும் வசந்தியிடம் நீயே சொல், நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே.

என்னைக் கேட்டால் இந்த வருஷம் டயரும் தகடும் கொக்கியும்தான். ஒவ்வொரு தடவையும் எங்கே நின்றாய், எதனால் நின்றாய் என்று உன் அட்டவணையிலேயே ஒரு பத்தி சேர். பத்துத் தடவையில் ஏழு தடவை சக்கரம் அந்தரத்தில் சுற்றித்தான் நின்றாய் என்றால் உனக்கு லாக்கர் வேண்டும், ஜீப் தேடலாம். காற்று இறக்காமல் போய் நின்றதென்றால் உனக்கு எதுவும் வேண்டாம்.

அட்வான்ஸ் கட்டவில்லை என்று ஒரு வரி உடனே போடு. ஜீப் பார்க்கப் போகும் நாளில் என்னைக் கூப்பிடு, சுத்தியல் நான் கொண்டுவருகிறேன். ராகவனிடம் மூச்சுவிடாதே, கயிற்றோடு வந்து நிற்பான்.

உன்,
சேகர்