சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது
ஆசிரியருக்கு,
பருமனான பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்வது பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து நார்மல் என்று அனுப்பிவிடக் கூடாது. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதிகமாகச் சுரந்து, சர்க்கரையை ஏறவிடாமல் பல வருடம் சமாளித்துவிடும். என் அக்கா மகனுக்கு 14 வயது. கழுத்தில் படிந்த கறுப்பை அழுக்கென்று நினைத்து அக்கா தினமும் கடலைமாவு போட்டுத் தேய்த்தாள். அது அழுக்கல்ல, இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாததன் அடையாளம். சர்க்கரை 92தான், இன்சுலினோ 28! இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வரும் ஹோமா ஐஆர் (இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு கட்டுப்படவில்லை என்று காட்டும் எண்) 6ஐத் தாண்டியது. பருவ வயதில் கொஞ்சம் கூடுவது இயல்பு, இது ரொம்பவே அதிகம். கழுத்து கறுத்த, இடுப்பு பெருத்த பிள்ளைகளுக்காவது இன்சுலினையும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்புக்கும் எச்டிஎல் என்ற நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும்.
- ஒரு வாசகர், செம்பூர், மும்பை