கணித மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மன்றத்தின் சென்ற பேரவைக் கூட்டத்தில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டு நம் வகுப்புகளை இரண்டே பாடங்களுக்கு ஒதுக்கினோம். ஒன்று, பதினொன்றாம் வகுப்பின் முக்கோணவியல் சமன்பாடுகள். மற்றது, பன்னிரண்டாம் வகுப்பின் தொடுகோடு. 'இத்தனை பாடம் இருக்கையில் இரண்டு போதுமா' என்று அன்று சிலர் கேட்டீர்கள். நம்மிடம் வருகிற பிள்ளைகளில் சிலர் படிக்கும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை அரைகுறையாக முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த ஓட்டை எங்கே போய் ஒழுகுகிறது என்று பார்க்கத்தான் இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தோம்.

வகுப்புகள் வழக்கம்போல காங்கேயம் சாலையில் உள்ள தேங்காய்க் களத்தின் ஓரக் கொட்டகையில் சனி, ஞாயிறு மாலைகளில் நடந்தன. இடம் கொடுத்த களத்துக்காரர் அண்ணனுக்கு மன்றத்தின் நன்றி. தீபாவளிக்கும், சிவன்மலைத் தைப்பூசத் தேருக்கும் விடுமுறை விட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

சைன் தீட்டா = 1/2 என்று எழுதினால் எல்லோரும் '30 டிகிரி' என்று சொல்லிவிடுகிறார்கள். பொதுத் தீர்வு, அதாவது பொருந்துகிற எல்லாக் கோணங்களும் என்ன என்று கேட்டால், 'என் பை கூட்டல் அடைப்புக்குள் மைனஸ் ஒன்றின் என் அடுக்கு பெருக்கல் பை வகுத்தல் ஆறு' என்று பாட்டுப் போல ஒப்பிக்கிறார்கள் (இங்கே பை என்பது 180 டிகிரி, என் என்பது ஒரு முழு எண்). அது ஏன் அப்படி என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் ஜூலையில் ஒரு பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தில் அச்சிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஸ்போக்கில் சிவப்பு நூல் கட்டினோம். நூலின் உயரத்தை அந்த 30-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் சைன், ஆகவே 1/2 என்றால் 15 செ.மீ. உயரம். நூல் அச்சுக்கு மேலே அந்த 15 செ.மீ. உயரத்தில் எப்போதெல்லாம் நிற்கிறது என்று பிள்ளைகளே சக்கரத்தைச் சுற்றி அளந்தார்கள். ஏறும்போது 30 டிகிரியில் ஒருமுறை, இறங்கும்போது 150-இல் ஒருமுறை. விடாமல் சுற்றினால் 390, அப்புறம் 510. அந்த மைனஸ் ஒன்று ஏறுவதையும் இறங்குவதையும்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறது என்று கண்டுகொண்ட பிறகு யாரும் அதை மனப்பாடம் செய்யவில்லை. சூத்திரத்தை முதலில் கொடுப்பதில்லை என்று அன்றே ஆசிரியர்கள் பேசி முடிவு செய்தோம்.

அடுத்த தொல்லை 'அடித்துவிடுவது'. சைன் 2தீட்டா = சைன் தீட்டா என்ற கணக்கை இரண்டு சைன் தீட்டா கொசைன் தீட்டா = சைன் தீட்டா என்று சரியாக விரிக்கிறார்கள். உடனே இருபுறமும் சைனை அடித்துவிட்டு, கொசைன் தீட்டா = 1/2 என்று முடிக்கிறார்கள். "ஏனுங்க சார், ரெண்டு பக்கமும் ஒண்ணேதானுங்க, அடிச்சா என்னங்க தப்பு?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சைன் தீட்டா பூச்சியமாக இருந்தால் பூச்சியத்தால் வகுத்ததாக ஆகிவிடும். அப்படி அடித்ததில் 0, 180, 360 டிகிரித் தீர்வுகள் அத்தனையும் காணாமல் போயின. ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் எதுவும் தொலையாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சைன் தீட்டா + கொசைன் தீட்டா = 1 என்பதை வர்க்கப்படுத்தினால் சைன் 2தீட்டா = 0 வருகிறது. அதிலிருந்து 0, 90, 180, 270 என நான்கு விடை கிடைக்கும். 180-ஐயும் 270-ஐயும் முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் மைனஸ் 1. அவை இரண்டும் வர்க்கப்படுத்தியதால் உள்ளே புகுந்தவை. விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த ஆண்டு ஓரளவுக்கு வந்திருக்கிறது, ஆனால் இன்னும் போதாது.

டிசம்பர் 22-இல் ராமானுஜன் பிறந்தநாளைக் கொண்டாடினோம். அவர் 1887-இல் பிறந்தது நம் ஈரோட்டில்தான். கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோதே எஸ். எல். லோனி என்ற ஆங்கிலேயரின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்தவர் என்பதைச் சொன்னபோது கொட்டகை அமைதியாகிவிட்டது.

தொடுகோட்டுப் பாடம் ஜனவரியில்தான் சூடு பிடித்தது. 'தொடுகோடு என்றால் ஒரே ஓர் இடத்தில் தொட்டுவிட்டு, வெட்டாமல் போகும் கோடு' என்று வட்டப் பாடத்தில் படித்ததை எல்லோரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். சைன் வளைவரையைச் சுவரில் பெரிதாக வரைந்து, ஆதிப்புள்ளியில் ஸ்கேலை வைத்தோம். ஒய் = எக்ஸ் என்ற கோடு அங்கே தொடுகோடுதான், ஆனாலும் வளைவரையைக் கடந்து மறுபக்கம் போகிறது. கொசைன் வளைவரையின் உச்சிகளை ஒய் = 1 என்ற கோடு எண்ணற்ற இடங்களில் தொடுகிறது. அந்த இடத்தில் வளைவரை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைதான் தொடுகோடு. இதைக் காட்ட அதே சைக்கிள் உதவியது. நூலைத் தண்ணீரில் நனைத்து வேகமாகச் சுற்றியபோது, துளிகள் அச்சிலிருந்து நேர் வெளியே தெறிக்கவில்லை, தொடுகோட்டுத் திசையில் பறந்தன. முன்வரிசையில் நின்றவர்களின் சட்டையே சாட்சி.

அப்புறம்தான் நாங்கள் தேடிய ஓட்டை தெரிந்தது. ஒய் = எக்ஸ் + 2 சைன் எக்ஸ் என்ற வளைவரைக்கு, 0 முதல் 2 பை வரை, கிடைமட்டத் தொடுகோடுகள் எங்கே என்று கேட்டோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சாய்வைத் தரும் வகைக்கெழுவைச் சரியாகக் கண்டார்கள்: 1 + 2 கொசைன் எக்ஸ். கிடைமட்டக் கோட்டுக்குச் சாய்வு இல்லை என்பதால் அதைப் பூச்சியமாக்கி, கொசைன் எக்ஸ் = மைனஸ் 1/2 வரை வந்தார்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் 120 டிகிரி என்று மட்டும் எழுதி, 240-ஐ விட்டுவிட்டார்கள். எக்ஸை ரேடியனில் (180 டிகிரிக்கு ஏறக்குறைய 3.14) எடுத்தால், 120-இல் வளைவரை ஏறக்குறைய 3.83 உயரத்துக்கு ஏறுகிறது, 240-இல் 2.46-க்கு இறங்குகிறது. மேட்டைக் கண்டவர்கள் பள்ளத்தைக் காணவில்லை. வகைக்கெழு நன்றாகவே வருகிறது, போன வருடத்துப் பாடம்தான் வரவில்லை. கணக்கு வராத பிள்ளை என்று வீட்டில் திட்டுவாங்குகிற பலருக்கும் குறை இந்த ஒரே இடத்தில்தான் இருந்தது என்பதைப் பெற்றோர்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே வரும் ஜூனிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கு முக்கோணவியலை மட்டும் நான்கு மாதம் நிதானமாக எடுக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. பேரவை ஒப்புதல் தர வேண்டுகிறேன். பனியன் கம்பெனி ஷிப்டு முடித்து வருகிற பிள்ளைகளுக்காக ஞாயிறு வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாமா என்பதையும் இன்றே பேசிவிடலாம். பழைய சைக்கிளின் அச்சு ஆட்டம் காண்கிறது. யார் வீட்டிலாவது ஓடாத சைக்கிள் கிடந்தால் கொட்டகையில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்