போனில் ஏன் விலை சொல்வதில்லை: அஸ்திவாரப் பழுது பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழை விட்டுத் தை பிறந்தால் எங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சுவரில் விரிசல் விட்டிருக்கு, அஸ்திவாரம் சரி பண்ண எவ்வளவு ஆகும்?" உத்தேசமாகவாவது ஒரு தொகை சொல்லுங்கள் என்று கேட்டு, நாங்கள் சொல்லாததால் கோபப்பட்டுப் போனை வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சென்னை கொளத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், பழைய கட்டடம். சமையலறை மூலை இறங்கி, ஜன்னல் ஓரத்திலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியிருந்தது. பின்கதவு தரையைத் தேய்த்தது. எங்களுக்கு முன்னால் வந்து பார்த்தவர், வீட்டைச் சுற்றி முழுக்க அண்டர்பின்னிங் (பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டிப் புது கான்கிரீட் போட்டுத் தாங்க வைப்பது) செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். நாங்கள் பாத்திரம் கழுவும் சிங்க்கில் கலர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வெளியே கழிவுநீர் சேம்பருக்கு வரவேண்டியதில் பாதிகூட வந்து சேரவில்லை. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப்பின் ஜாயின்ட் விட்டு, பல வருடமாகச் சமையலறைத் தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பைப்பை மாற்றி, அந்த மூலையில் மண்ணைக் கெட்டித்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் காத்திருந்தோம். விரிசல் நகரவில்லை. அதற்கு அப்புறம்தான் விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்துப் பூசினோம்.

எங்கள் ஆரம்ப வருடங்களில், காரணத்தைத் தேடாமல் விரிசலை மட்டும் எபாக்சி வைத்து அடைத்துவிட்டு வந்த வீடு ஒன்று இருக்கிறது. அடுத்த வருடமே பக்கத்தில் புது விரிசல். அந்த வீட்டுக்காரர் கொடுத்த பணம் வீணானது எங்களுக்கு இன்றும் உறுத்துகிறது. மண் ஏன் அசைந்தது என்று தெரியாமல் விலை சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தோம்.

நீங்கள் எந்த ஏரியாவில் இருக்கிறீர்கள் என்பதும் பில்லை மாற்றும். மேற்கு மாம்பலம், தி.நகர், அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும். கோடையில் அகலமாகி மழையில் மூடிக்கொள்ளும் விரிசல் இந்தக் களிமண்ணின் வேலை. சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் சுருக்கம் இன்னும் கூடும். அதற்காக மரத்தைச் சட்டென்று வெட்டிவிடாதீர்கள். வேர் குடித்துவந்த தண்ணீர் மண்ணிலேயே தங்கி, களிமண் உப்பித் தரையைத் தூக்கிவிடும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது இந்த ஊருக்கு நடந்த மிக நல்ல காரியம். ஆனால் அவசரத்தில் பல வீடுகளில் குழியைச் சுவரை ஒட்டியே போட்டுவிட்டார்கள். களிமண் ஏரியாவில் அதைத் தள்ளி அமைப்பது நல்லது.

கடற்கரைப் பக்கம் மணல். மணல் உப்பாது, சுருங்காது. ஆனால் குழி தோண்டும்போது ஊற்று வந்துவிட்டால் தண்ணீரோடு மணலும் ஓடும். பம்ப் வைத்து இறைக்கும் செலவும் பலகை முட்டுச் செலவும் அங்கே அதிகம். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. மண் இறங்கும் பயம் குறைவு, ஆனால் தோண்ட நேர்ந்தால் உடைக்கும் கூலி ஏறும். ஏரி, தாங்கலை நிரப்பிய மனையில் எந்தக் கணக்கும் சாயில் டெஸ்ட் இல்லாமல் நிற்காது.

அண்டர்பின்னிங் உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு. அது ஏன் இவ்வளவு விலை என்று கேட்கிறீர்கள். 40 அடிச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டினால் சுவர் உட்கார்ந்துவிடும். அதனால் 4 அடிக்கு ஒரு குழியாகப் பத்தாகப் பிரிக்கிறோம். முதல் சுற்றில் 1, 4, 7, 10. அடுத்து 2, 5, 8. கடைசியாக 3, 6, 9. பக்கத்துப் பக்கத்துக் குழிகள் ஒருபோதும் ஒன்றாகத் திறந்திருக்கக் கூடாது. கெட்டி மண் வரும்வரை தோண்டி, கான்கிரீட் போட்டு, பழைய அஸ்திவாரத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விடுவோம். கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அது அடங்கியபின், ஈரம் குறைந்த கெட்டிக் கலவையை அந்த இடைவெளியில் இடித்து நிரப்பினால்தான் சுவரின் பாரம் புது கான்கிரீட்டில் இறங்கும். சுற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சிமென்ட், கம்பியைவிட ஆள் கூலியும் நாள் கணக்கும்தான் பில்லை ஏற்றுகின்றன. ஜேசிபி நுழையாத சந்து வீடுகளில் மண்ணையெல்லாம் கூடையில்தான் வெளியே சுமக்க வேண்டும்.

தூண் அடியில் பூச்சு உப்பி உதிர்ந்தால் அதையும் அஸ்திவாரக் கோளாறு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே கம்பி துருப்பிடித்தது. அதற்கு ஜாக்கெட்டிங் (தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்துவது) என்ற வேறு வேலை. தெரு உயர்ந்து வீடு பள்ளமானதால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதும் வேறு. அதற்குச் சொல்லும் சதுர அடி ரேட்டை அஸ்திவாரப் பழுதோடு ஒப்பிட வேண்டாம்.

யாரிடம் எஸ்டிமேட் வாங்கினாலும், விடுபட்டது என்ன என்று பாருங்கள். எத்தனை குழி, எவ்வளவு ஆழம், தண்ணீர் இறைப்பு, முட்டு, இடிபாடு அகற்றுவது, பெயர்த்த டைல்ஸைத் திரும்பப் போடுவது, 18 சதவீத ஜிஎஸ்டி: இவை எழுத்தில் இருக்க வேண்டும். "ஆழம் கூடினால் அடிக்கு எவ்வளவு" என்பதை முன்பே பேசிவிடுங்கள். தோண்டிய பிறகு வரும் சண்டைகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

பணம் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதும் இல்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்துக்கு உட்பட்ட புது ஃபிளாட் என்றால், கையில் ஒப்படைத்த 5 வருடத்துக்குள் வரும் கட்டமைப்புக் குறையை, நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் தெரிவியுங்கள். 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் நிலம் உள்வாங்குவதால் வரும் சேதம் அடங்கும். ஆனால் புதுக் கட்டடம் இயல்பாக இறங்குவதும், நிரப்பிய மண் அமுங்குவதும், மோசமான வேலைத்தரமும் அதில் சேராது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். பக்கத்து மனையில் பேஸ்மென்ட் தோண்டப் போகிறார்களா? அவர்கள் கடப்பாரை எடுக்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்; பிறகு விரிசல் வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

சரி, இப்போது என்ன செய்யலாம்? விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ, தூணிலோ பீமிலோ இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். மற்றவர்கள் அந்தக் குறிப்போடு மாசி, பங்குனியில் வாருங்கள். நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், இறைப்புச் செலவும் குறையும். நேரில் வந்து பார்க்க நாங்கள் வாங்கும் 1,500 ரூபாயை, வேலை எங்களிடம் வந்தால் பில்லில் கழித்துவிடுவோம். பைப் மாற்றினாலே போதும் என்றால் அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம்.

அன்புடன்,
கட்டடப் பழுதுபார்ப்புக் குழுவினர்,
வில்லிவாக்கம், சென்னை