வாராந்திர மாத்திரையில் ஃபோலிக் அமிலத்தை உயர்த்துங்கள்

மத்திய சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். 2018 முதல் நடந்துவரும் இரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில், இனப்பெருக்க வயதுப் பெண்களுக்கு வாரந்தோறும் தரப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வாராந்திர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஃபோலிக் அமிலமோ 2,800 மைக்ரோகிராம். கருவின் நரம்புக்குழாய் மூடாமல் போகும் பிறவிக் குறையைத் தடுக்க, அந்த அளவுக்கு உயர்த்துமாறு, குழந்தைகள் நரம்பறுவைப் பிரிவில் பணியாற்றும் செவிலியராக வேண்டுகிறேன்.

கருவின் முதுகுப்புறத் தகடு மடிந்து, மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயாகும்போது, அதன் தலைப்பக்கத் துளை கருவுற்ற ஏறத்தாழ 25ஆம் நாளிலும் வால்பக்கத் துளை 28ஆம் நாள் வாக்கிலும் மூடிக்கொள்கின்றன. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆகியிருக்கும் அந்நேரத்தில், பல பெண்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்திருக்கவே மாட்டார்கள்.

அக்குழாயின் உட்குழிவே பின்னாளில் மூளையின் நான்கு அறைகளாகிறது. அதன் சுவரை ஒட்டிப் பெருகும் செல்களே நரம்பணுக்களைத் தருகின்றன. உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் மூளையை விரிக்கிறது. 1977இல் டெஸ்மண்டும் ஜேக்கப்சனும் கோழிக் கருவின் மூளைக்குழிவில் நுண்குழாய் செருகித் திரவத்தை வடியவிட்டபோது, மூளையின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. முதுகில் குழாய் மூடாத மனிதக் கருவிலும் திரவம் கசிந்து, பின்மூளை அறை விரியாமல் போய், மண்டையோட்டின் பின்பகுதி சிறுத்து, சிறுமூளை கழுத்துக்குள் இறங்கித் திரவப் பாதையை அடைக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

ஆகவேதான், முதுகைத் தைத்து மூடிய பிறகும் இக்குழந்தைகளின் தலைச்சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டே இருக்கிறோம். உச்சிக்குழி விம்மி, தலை பெருக்கத் தொடங்கினால், காதுக்குப் பின்னே வால்வு பொருத்தித் தோலுக்கடியில் வயிறு வரை குழாய் செலுத்த வேண்டும். அது அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தப் பிஞ்சுக்கு மீண்டும் அறுவை சிகிச்சை.

ஏற்கெனவே பாதிப்புற்ற கருவைச் சுமந்த பெண்களிடம், கருவுறும் முன்பே தொடங்கிய 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மறுபாதிப்பை 72 விழுக்காடு குறைத்ததாக பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு 1991இலேயே காட்டியது. கருத்தரிக்கத் திட்டமிடுவோர் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளலாம் என்று உங்கள் வழிகாட்டுதல் சொல்கிறது. திட்டமிடாமல் கருவுறும் பெண்ணுக்கு வாராந்திர மாத்திரை ஒன்றே துணை.

அடுத்த கொள்முதலிலேயே மாத்திரையின் அளவுக்குறிப்பை மாற்றுங்கள். பாதிப்புற்ற குழந்தையுடன் வீடு திரும்பும் தாய்க்கு, அடுத்த கருவுக்கு முன் எடுக்க வேண்டிய கூடுதல் அளவை மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதித் தரும் நடைமுறையையும் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்