எந்தக் கோர்ஸ் என்று கேட்ட மகனுக்கு

திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய மூன்று லிங்கையும் திறந்து பார்த்தேன். வொய்ஸ் மெசேஜ் போட்டால் நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், பாதி காதில் விழாது. அதனால் எழுதுகிறேன், அங்கே தோஹாவில் டியூட்டி முடிந்து ஆறுதலாக வாசி. நவராத்திரிக் கும்பம் தொடங்கிவிட்டது, பின்னேர வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கும்பம் பார்க்கத் தெருவில்தான் நிற்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

நீ கேட்டது இரண்டு. புரோகிராமிங் படிக்க எந்தக் கோர்ஸ் நல்லது, எந்தக் கணினி மொழி, பைத்தனா ஜாவாவா. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் கதைக்க அதிகமில்லை. பைத்தன். கீடோ வான் ரோசம் அதை 1991இல் வெளியிட்டார், ஜாவா 1995இல் வந்தது. இரண்டும் உனக்கு மூத்தவை, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் ஜாவாவில் ஒரு வரியைத் திரையில் காட்டுவதற்கே வழமையாக கிளாஸ், மெயின் என்று ஒரு சடங்கு செய்ய வேண்டும். பைத்தனில் அது ஒரே வரி. பகல் முழுக்க ஸ்டோர்ஸில் நின்றுவிட்டு வந்து இரவில் படிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

எங்கள் பாடசாலைகளில் ஓஎல்லுக்கு (சாதாரண தரம்) பாஸ்கல் மொழி, ஏஎல்லுக்கு (உயர்தரம்) பைத்தன். பாஸ்கலை விளங்கிப் படித்த பிள்ளை இரண்டு கிழமையில் பைத்தனுக்கு மாறிவிடும். பாஸ்கலைப் பாடமாக்கின பிள்ளைக்குத்தான் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. மாறி (ஒரு பெறுமதியைப் பெயர் வைத்துச் சேமிக்கும் இடம்), நிபந்தனை, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது, பட்டியல், ஃபங்ஷன், இந்த ஐந்தும் எந்த மொழியிலும் இருக்கும். ஒன்றில் பிடித்துக்கொண்டால் மற்றது பிறகு தானாக வரும். ஆகவே பைத்தனா ஜாவாவா என்று அறை நண்பர்களோடு சண்டை பிடிப்பதை இன்றோடு விடு.

கோர்ஸ் விஷயம்தான் நீளம். அதற்கு முன் ஒரு பிள்ளையின் கதை சொல்ல வேண்டும்.

சில வருடத்துக்கு முன் என் ஏஎல் வகுப்பில் இருந்தாள். தகப்பனுக்குக் கொட்பே பக்கம் ஒரு படகு. பாடத்துக்கு எல்லாரும் ஒரு புரோகிராம் செய்ய வேண்டும் என்றபோது, மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் இருந்த மாணவர் புள்ளிக் கணக்கையே எடுத்தார்கள். இவள் மட்டும் படகுக் கணக்கை எடுத்தாள். அவர்கள் வீட்டு வழக்கம், மீன் விற்ற காசில் மண்ணெண்ணெய்யும் ஐஸும் கழித்து, மிச்சத்தில் பாதி படகுக்கும் வலைக்கும், மற்றப் பாதி அன்று கடலுக்குப் போனவர்களுக்குள் சமபங்கு. ஒவ்வொரு இரவும் கொப்பியில் இந்தக் கணக்கைப் போடுவது அவள்தான்.

முதல் தடவை ஓடவிட்டாள். மண்ணெண்ணெய் 8000, ஐஸ் 1500. மொத்தச் செலவு என்று திரையில் வந்தது 80001500. எட்டுக் கோடிக்கு எண்ணெய் அடித்துவிட்டாள் என்று வகுப்பே சிரித்தது. நடந்தது என்னவென்றால், விசைப்பலகையில் நீ எதைத் தட்டினாலும் பைத்தன் அதை எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்ட் என்று போட்டு எண்ணாக்கினால்தான் கூட்டும். இல்லாவிட்டால் இரண்டு எழுத்துச் சரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கிறேன், எல்லாரும் கொப்பியில் வடிவாக எழுதிக்கொண்டார்கள், ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அந்த எட்டுக் கோடி வந்த பிறகு அந்த வகுப்பில் யாரும் அதை மறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. வாடைக்காற்றுக் காலம் வந்தது, கடல் கொந்தளிப்பு, படகு போகவில்லை. அவள் வழக்கம்போல் போனவர் எண்ணிக்கை சைபர் என்று கொடுத்தாள். புரோகிராம் சிவப்பு எழுத்தைக் கக்கிவிட்டு நின்றது. சைபரால் பிரிக்க ஏலாது, சீரோ டிவிஷன் எரர். தகப்பன் எட்டிப் பார்த்து, "இது ஏன் பிள்ளை கோவிக்குது?" என்று கேட்டாராம். அன்றிரவு அவளே ஒரு இஃப் (நிபந்தனை) போட்டுத் திருத்தினாள். இப்போது கோணேசபுரியில் கம்பஸில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள்.

நான் சொல்ல வருவது விளங்கும் உனக்கு. கோர்ஸைத் தேடுமுன் உனக்கென்று ஒரு படகுக் கணக்கு வேண்டும். உன்னிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. வியாழன் இரவுகளில் ஸ்டோர்ஸ் எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு, அடுத்த 30 நாளில் காலாவதியாகிற சாமான்களைக் கண்ணால் தேடி எடுக்கிறாயே, அதுதான். போனில் நீ அதைச் சொல்லிப் புறுபுறுத்தபோதே நினைத்தேன், இதைவிட நல்ல முதல் பாடம் எந்தக் கோர்ஸும் தராது.

எடுத்தவுடன் முழு ஷீட்டையும் தொடாதே. நாலே நாலு சாமானின் பெயரையும் திகதியையும் கையால் பட்டியலாக எழுதி, அவற்றைத் திரையில் வரச் செய். பிறகு இன்றைய திகதிக்கும் காலாவதித் திகதிக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று பார். பிறகு 30க்குக் குறைந்ததை மட்டும் காட்டு. இது மூன்றும் சரிவந்த பிறகு எக்செல்லை சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து அதிலிருந்து வாசிக்கப் பழகு. கொம்பனி ஷீட்டை அப்படியே எடுக்காமல், பெயர்களை மாற்றி ஒரு போலிக் கோப்பு செய்துகொள். நீ நல்லதுக்குச் செய்தாலும் அவர்களின் தரவு அவர்களுடையது. பிறகு வேலையில் பிரச்சினை வந்தால் நான் இங்கிருந்து என்ன செய்ய?

திகதியில் கவனம். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காவிலிருந்து வந்த சாமானின் பெட்டியில் அதுவே மார்ச் 4. உங்கள் ஷீட்டில் இரண்டும் கலந்துதான் இருக்கும். எக்செல்லுக்கோ உள்ளே திகதி என்றே ஒன்றில்லை, 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு போகும். 2025 ஜனவரி 1 அதற்கு 45658. திகதி இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஒரு எண் வந்தால் பயப்படாதே, ஷீட் பழுதாகவில்லை.

எரர் வந்தால் கடைசி வரியை முதலில் வாசி. என்ன பிழை என்று அங்கேதான் எழுதியிருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே. பிள்ளைகள் சிவப்பைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார்கள். எனக்கு வருகிற கோபம் உனக்குத் தெரியும். எரர் இல்லாமல் விடை மட்டும் பிழைத்தால் கொப்பியை எடு. ஒவ்வொரு வரி ஓடிய பிறகும் ஒவ்வொரு மாறியின் பெறுமதி என்ன என்று அட்டவணை போட்டு எழுதிக்கொண்டு போ. எந்த இடத்தில் நீ நினைத்ததும் அது செய்ததும் பிரிகின்றன என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, கம்ப்யூட்டர் பாடத்தில் ஏன் டீச்சர் பேனை என்பார்கள்.

மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தன் 3 அதை ஏற்கும். செலவு, பங்கு, மிச்சம் என்று வைத்தால் ஆரம்பத்தில் விளங்க லேசு. வேலைக்குப் போனால் ஆங்கிலத்துக்கு மாறத்தான் வேண்டும். பொழுது போகாவிட்டால் இதையும் செய்து பார்: திருகோணமலை என்று கொடுத்து எத்தனை எழுத்து என்று கேள். நாம் ஆறு என்போம், அது 10 என்று சொல்லும். தி என்பதை த ஒன்று, மேலே வரும் விசிறி (ி) ஒன்று என்று இரண்டாக எண்ணுகிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் முறை தமிழை அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது.

சரி, உன் மூன்று லிங்குக்கு வருகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்கிற கணினி விஞ்ஞான அறிமுகக் கோர்ஸ் நல்லது, படிக்கக் காசில்லை. ஆனால் நீ அனுப்பியது அதன் பெரிய கோர்ஸ். அது கட்டைகளை இழுத்துப் பொருத்துகிற ஸ்கிராட்சில் தொடங்கிச் சட்டென்று சி மொழிக்குள் இறங்கும், களைத்து வருகிற உனக்கு அந்த இடத்தில் மனம் விட்டுப்போகும். அதை நடத்துகிற டேவிட் மலானே பைத்தனுக்கென்று தனியாக நடத்தும் சிஎஸ்50பி என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம். அதை எடு. கிழமைகளை சைபரிலிருந்து எண்ணுவார்கள், குழம்பாதே. அவர்கள் 6 என்று இலக்கமிட்ட ஆறாவது கிழமை கோப்புகளைப் பற்றியது, சிஎஸ்வி அங்கேதான் வரும், உன் ஸ்டோர்ஸ் வேலைக்கு நேரே பொருந்தும். வீடியோவை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதே. சமையல் நிகழ்ச்சி பார்த்து வயிறு நிரம்பாது. ஒவ்வொரு கிழமைக்கும் தருகிற பயிற்சியை முடிக்காமல் அடுத்ததைத் திறக்காதே, கோட் வரிகளை (புரோகிராம் வரிகளை) கொப்பி பண்ணி ஒட்டாமல் விரலால் தட்டு.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. ஒரு வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டு முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்று முடித்தால் பட்டம். இடையில் நின்றாலும் கையில் ஒன்று இருக்கும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் அங்கே கணிதமும் இருக்கிறது, சோதனைகளும் இருக்கின்றன. புரோகிராமிங் உனக்குப் பிடிக்கிறதா என்று தெரியாமல் மூன்று வருடத்தைக் கட்டிவைக்காதே. இந்த வேலையில் மனம் ஊன்றினால் அடுத்த வருடம் அதைப்பற்றிக் கதைப்போம். காகிதம் வேண்டாம் என்று சொல்கிற வசதி நம் நாட்டில் நமக்கில்லை.

மூன்றாவது, ஆறு மாதம், வேலை நிச்சயம் என்று போட்டிருப்பது. உன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். அப்படிப் போஸ்டர்கள் இங்கே பஸ் நிலையத்து மதிலிலும் நிறைய. காசு கட்டிப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் டியூசன் எடுக்கிறவள்தானே. அவர்களிடம் இதைக் கேள்: நான் எழுதுகிற கோட் வரிகளை ஒரு ஆள் வரி வரியாகப் பார்த்து எங்கே பிழை என்று சொல்லுவாரா, கிழமைக்கு எத்தனை தடவை? ஆம் என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். வீடியோவும் சான்றிதழும் மட்டும் என்றால் வீண். நாட்டில் நடக்கிற நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்றும் பார். வேலை நிச்சயம் என்ற பேச்சை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதே ராசா, இதை மட்டும் அம்மாவுக்காகக் கேள்.

கோட் வரிகளைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் உன் பக்கத்துக் கட்டில் கேரளப் பெடியன் இருக்கிறானே, ஐடி படித்தவன் என்றாய். கிழமைக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடு, பார்ப்பான்.

ஏஐ எல்லாம் எழுதித் தருகிற காலத்தில் ஏன் படிப்பது என்று உன் சூப்பர்வைசர் கேட்டாராம். அந்தத் திகதியையே எடுத்துக்கொள். சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கோட் வந்துவிடும், எரரும் இல்லாமல் ஓடும். அமெரிக்கப் பெட்டியின் மார்ச் 4ஐ ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் காலாவதியான சாமானைத் தட்டில் வைத்திருக்கும். பெட்டியைக் கண்ணால் பார்த்தவன் நீ, ஏச்சு வாங்கப் போகிறவனும் நீ. கோட் வரிகளை வாசிக்கத் தெரிந்தால்தான் அது எங்கே பிழைக்கும் என்று கேட்கத் தெரியும். ஆகவே ஆறாவது கிழமை முடியும்வரை அதனிடம் எழுதித் தரச் சொல்லாதே. ஒரு எரரை ஒட்டி, இது ஏன் வருகிறது என்று கேட்பது பரவாயில்லை. சிஎஸ்50இலும் பயிற்சி விடையைச் சாட்ஜிபிடியால் எழுதுவதற்கு அனுமதியில்லை, அதையும் மனதில் வை.

நேரம்: ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம் காணும். வெள்ளிக்கிழமை முழுநாளும் இருந்து படிக்கிறேன் என்று தொடங்காதே, மூன்றாம் வெள்ளி வேறு சோலி வந்துவிடும். வெள்ளிக்கு நித்திரை கொள், எங்களோடு கதை. லப்டொப்புக்குப் பெரிய செலவு வேண்டாம், 8 ஜிபி ரம் உள்ள பாவித்த ஒன்று போதும். கேம் விளையாடுகிற லப்டொப் வேண்டும் என்று சொல்லி என்னை ஏமாற்றப் பார்க்காதே.

வருகிற வெள்ளிக்கு முன் அந்த நாலு சாமான் கோட் வரிகளை எனக்கு அனுப்பு. ஓடாவிட்டால் எரரையும் சேர்த்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பு. "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது, என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

மாமா வருகிற மாதம் தோஹா திரும்புகிறார். மிளகாய்த்தூளும் கருவாடும் எவ்வளவு கொடுத்துவிட வேண்டும் என்று அதற்குள் சொல். அப்பா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா